மலிவாய்க் கிடைக்கும் ஆடையும் மகளிர் குழுவின் முதலும்

(சிங்கப்பெருமாள் கோவிலில் நடைபெற்ற மகளிர் சுயஉதவிக் குழுக்களின் கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



நம் ஊரிலிருந்து ஒரகடம் வழியே ஸ்ரீபெரும்புதூர் செல்லும் சாலையெங்கும் இன்று தொழிற்சாலைகள் நிற்கின்றன. அங்கு வேலை செய்யும் இளைஞர்களும் இளம்பெண்களும் நம் தெருக்களில் வாடகைக்குக் குடியிருக்கின்றனர். நல்ல உடை உடுத்த அவர்களுக்கு ஆசையுண்டு; பெரிய கடை சொல்லும் விலை கொடுக்க இயலுவதில்லை. ஆகவே, ஏற்றுமதியில் மிஞ்சிய ஆடைகளை வாங்கி விற்கலாமென்று குழுக்கள் பல எண்ணுகின்றன. எண்ணம் நல்லதே. ஆயினும் ஆழம் தெரியாமல் காலை விடலாகாது.

பெயர்பெற்ற நிறுவனத்தின் ஆடை பாதி விலைக்கும் குறைவாய்க் கிடைப்பது எங்ஙனம்? திருப்பூரில் தைப்போர், பழுதாகும் பீஸ்களுக்கு ஈடாகச் சிறிது கூடுதலாகவே வெட்டித் தைப்பர். பழுது குறைந்தால் நல்ல சரக்கு மிஞ்சும். சாயம் மாறினாலோ, நாள் தவறினாலோ வெளிநாட்டார் ஆர்டரை மறுப்பதும் உண்டு. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருள்கள் மீதான வரியை 50 சதவீதமாக உயர்த்தியபோது திருப்பூர் ஆர்டர்கள் பல தடைப்பட்டதை நாமறிவோம். இவ்வாறு தேங்கும் சரக்கே காதர்பேட்டைக் கடைகளுக்கு வருகிறது. அதனுடன் ‘செகண்ட்ஸ்’ எனும் பழுதுச் சரக்கும் கலந்து வரும்.

நம் வட்டாரக் குழுவொன்று, பிரித்துப் பாராமல் மூட்டையாகச் சரக்கு வாங்கியது. வீட்டில் அவிழ்த்தபோது பெரும்பகுதி வெளிநாட்டார் உடலுக்கேற்ற மிகப் பெரிய அளவு. எஞ்சியவற்றில் குளிர்நாட்டுக் கனத்த துணியும் இருந்தது. சித்திரை வெயிலில் அதை யார் வாங்குவர்? பன்னிரண்டு பெண்களின் சேமிப்பு முடங்கியது. அக்கடனுக்குப் பரிந்துரை செய்த நாமும் எந்த அளவில் வாங்குவீர்களென்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அக்குறையில் நமக்கும் பங்குண்டு. அதனாலேயே இன்று கணக்கோடு பேசுகிறோம்.

எடுத்துக்காட்டாக, 200 சட்டைகளை 140 ரூபாய் வீதம் வாங்கினால் 28,000 ரூபாய். ரயில் கட்டணமும் சுமைகூலியும் 2,000 என்போம். ஆக முதல் 30,000. அவற்றில் 30 சட்டை விலைபோகாதென்றால், மீதி 170 சட்டைக்கு அடக்கவிலை 176 ரூபாய்க்கு மேலாகிறது. 220 ரூபாய்க்கு விற்றால் வரவு 37,400, மிச்சம் 7,400. ஆனால் 40 சட்டைகளைக் கடனாகக் கொடுத்து அப்பணம் வராவிடில் 8,800 ரூபாய் போய்விடும். அப்பொழுது 1,400 ரூபாய் நஷ்டம். வங்கி வட்டி வேறு.

ஆதலால், முதல் தடவை சிறு தொகைக்கே வாங்குங்கள். இருவராய்ச் சென்று மூட்டையைப் பிரித்து, அளவு, தையல், பொத்தான், கறை யாவற்றையும் பாருங்கள். பில் இன்றி வாங்காதீர்கள். ஈரோட்டு ஜவுளிச் சந்தையிலும், சென்னை பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. சாலையிலும் விலை விசாரித்துப் பாருங்கள். சம்பள நாளையொட்டிக் கடை விரியுங்கள். கடனுக்கு ஓர் எல்லை வையுங்கள். சிறு பழுதுள்ளதை அப்பழுதைக் காட்டியே குறைத்து விற்றால், வாங்கியவர் மறுபடியும் வருவார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மிகுதிச் சரக்கில் நிறுவனத்தின் லேபிளை வெட்டியிருப்பதுண்டு. லேபிள் இல்லையே என்று போலி லேபிள் வாங்கித் தைக்க ஒருவரும் துணிய வேண்டாம். 1999-ஆம் ஆண்டு வணிகச் சின்னங்கள் சட்டம் அத்தகைய குற்றத்துக்கு ஆறு மாதம் முதல் மூன்றாண்டு வரை சிறையும், 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கிறது. தைப்பவருக்கு மட்டுமன்றி, தெரிந்து விற்பவருக்கும் அதுவே தண்டனை. லேபிள் இல்லாத நல்ல சட்டையை நல்ல சட்டையென்றே சொல்லி விற்கலாம், அதில் குறைவொன்றுமில்லை.

இனிக் கடன் கேட்டு வரும் குழுவிடம், என்ன அளவு, யாருக்கு, எவ்வளவு கடனுக்கு என்று மூன்று கேள்வி கேட்போம். விடையை எழுதிக் கொண்டு வாருங்கள். உங்கள் சேமிப்பு ஒவ்வொரு வாரமும் வயிற்றைக் கட்டிச் சேர்த்த பணம். அது பெருக வேண்டுமென்பதே நம் விருப்பம்.