முதுமையிலும் உறுதியான எலும்புகள்



1980களில் இலங்கையிலிருந்து டென்மார்க்கிற்கு வந்த தமிழ்த் தலைமுறை இன்று அறுபதையும் எழுபதையும் கடந்து நிற்கிறது. நீரிழிவும் மூட்டுவலியும் வீடுகளில் அடிக்கடி பேசப்படுகின்றன. எலும்பு நலிவோ பேசப்படுவதில்லை. முறிவு ஏற்படும் வரை அது வலிப்பதில்லை. டோஸ்ட்ருப்பின் உறைபனி படர்ந்த நடைபாதையில் ஒருமுறை வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்த பின்னரே அந்நோய் தெரியவரலாம். அதன்பின் முன்போலத் தனித்து நடமாட இயலாதோர் பலர்.

எலும்பு உயிருள்ள திசு. பழையது கரைவதும் புதியது உருவாவதும் வாழ்நாள் முழுவதும் நிகழ்கின்றன. ஏறத்தாழ 30 வயதில் அதன் அடர்த்தி உச்சத்தை அடைந்து, பின்னர் மெல்லக் குறைகிறது. மாதவிடாய் நின்றபின் பெண்களுக்கு இக்குறைவு விரைவுபடுகிறது.

டென்மார்க் வாழ் தமிழருக்கு இன்னுமொரு காரணமும் உண்டு. உணவிலுள்ள கல்சியத்தைக் குடல் நன்கு உறிஞ்ச விற்றமின் டி வேண்டும். அதனைத் தோல் வெயிலின் துணையால் உருவாக்குகிறது. இங்கு ஒக்டோபர் முதல் ஏப்ரல் வரை வெயில் அதற்குப் போதாது. கருநிறத் தோலுக்கோ கூடுதல் வெயில் தேவை. ஆகவே கருநிறத் தோலுடையோர் ஆண்டு முழுவதும் நாளொன்றுக்கு 10 மைக்ரோகிராம் விற்றமின் டி எடுக்குமாறு டெனிஷ் சுகாதார அதிகாரசபை பரிந்துரைக்கிறது. 70 வயதைக் கடந்தோருக்கு 20 மைக்ரோகிராம் விற்றமின் டியும் 800 முதல் 1000 மில்லிகிராம் கல்சியமும் பரிந்துரைக்கப்படுகின்றன. சிறுநீரக நோயுடையோர் வைத்தியரைக் கேட்ட பின்னரே இவற்றை எடுத்தல் வேண்டும். அளவை மீறுவதும் தீங்கானது.

உணவில் பால், தயிர், முள்ளோடு உண்ணும் நெத்தலி, எள், குரக்கன் ஆகியன கல்சியம் தருவன. தேநீரில் கலக்கும் சிறிதளவு பால் மட்டும் போதாது. பருப்பு, மீன், முட்டை ஆகியவற்றின் புரதமும் தசைக்கும் எலும்புக்கும் இன்றியமையாதது.

உடலின் பாரத்தைத் தாங்கும்போதே எலும்பு வலுப்பெறுகிறது. சைக்கிள் ஓட்டமும் நீச்சலும் இதயத்திற்கு நல்லவை. எலும்புக்கோ விரைவு நடை, படியேற்றம், கையூன்றாது கதிரையிலிருந்து எழுந்தமர்தல் போன்றவை கூடுதல் பயன் தரும். ஒற்றைக்காலில் நின்று பழகுவோர் அருகில் பிடிமானம் வைத்துக்கொள்வது நலம்.

உயரம் சில சென்ரிமீற்றர் குறைதல், முதுகு கூனுதல், சிறு விழுகையிலேயே எலும்பு முறிதல் ஆகியன எச்சரிக்கைகள். 45 வயதிற்கு முன் மாதவிடாய் நின்றோரும், பெற்றோருக்கு இடுப்பெலும்பு முறிந்திருப்போரும், நெடுங்காலம் பிரெட்னிசோலோன் மாத்திரை எடுப்போரும், புகைப்போரும் குடும்ப வைத்தியரிடம் இதுபற்றிப் பேசுதல் வேண்டும். தேவையெனில் எலும்பின் அடர்த்தியை அளக்கும் படப்பிடிப்பிற்கு அவர் அனுப்புவார். அது வலியற்றது; சில நிமிடங்களில் முடிவது. நலிவு கண்டறியப்பட்டால் முறிவைக் குறைக்கும் மருந்துகளும் உள்ளன.

வீட்டினுள் வழுக்கும் விரிப்புகளை அகற்றுதல், இரவில் கழிவறைக்குச் செல்லும் வழியில் விளக்கெரித்தல், பனிக்காலத்தில் வழுக்காத அடியுள்ள சப்பாத்து அணிதல் ஆகிய சிறு செயல்கள் பெரும் முறிவைத் தவிர்க்கும்.

வயதை நிறுத்த எவராலும் இயலாது. ஆயினும் எழுபதிலும் எண்பதிலும் பிறர் கைபற்றாது கடைக்கும் கோயிலுக்கும் நடந்து செல்லும் உரிமையைக் காக்கும் வழிகள் உண்டு. அவற்றுள் முதலாவது, அடுத்த வைத்திய சந்திப்பில் எலும்பைப் பற்றியும் ஒரு கேள்வி கேட்பது.