நல்ல காபி, நல்ல டீ: எங்கே, எப்படி, யாருடன்

(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில், தேநீர் இடைவேளைக்கு முன் நம் குடியிருப்பாளர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்.)

தண்ணீர் லாரி, லிஃப்ட் பராமரிப்பு, பார்க்கிங் என்று ஒன்றரை மணி நேரம் பேசி முடித்திருக்கிறோம். ஃபிளாஸ்க் வந்துவிட்டது என்று செயலாளர் சைகை காட்டுகிறார். ஆறுவதற்குள் முடித்துவிடுகிறேன். "சென்னையில் நல்ல காபியும் டீயும் எங்கே கிடைக்கும்?" என்று புதிதாகக் குடிவந்தவர்கள் நம் வாட்ஸ்அப் குழுவில் கேட்டிருந்தார்கள். அதுதான் இன்றைய தலைப்பு.

கடைகளுக்குப் போகும் முன் உங்கள் வீட்டு அலமாரியில் இருக்கும் பாக்கெட்டைப் பார்ப்போம். பிரேசிலிலும் வியட்நாமிலும் மழை பொய்த்ததால் 2024, 2025 ஆண்டுகளில் உலகச் சந்தையில் காபிக்கொட்டை விலை இதுவரை காணாத உயரத்துக்குப் போனது. விலை ஏறும்போது பாக்கெட்டுக்குள் சிக்கரியின் பங்கும் ஏறப் பார்க்கும். சிக்கரி என்பது ஒரு செடியின் வேர். அதை வறுத்துப் பொடித்தால் கருநிறமும் கெட்டியும் வரும். அதில் காஃபின் கிடையாது, கேடும் கிடையாது. அளவோடு சேர்த்தால் டிகாக்‌ஷன் கனமாக இறங்கும். நம்மில் பலருக்கு அந்த ருசிதான் பழக்கம்.

ஆனால் எவ்வளவுக்குப் பணம் கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுக்க வேண்டும். சிக்கரி கலந்த காபித்தூளில் காபி குறைந்தது 51 சதவீதம் இருக்க வேண்டும், இரண்டின் அளவையும் பாக்கெட்டின் மேல் அச்சிட வேண்டும் என்பது இந்திய உணவுப் பாதுகாப்புத் தர ஆணையத்தின் விதி. 60:40 என்று போட்டிருந்தால் கால் கிலோவில் 100 கிராம் சிக்கரி என்று கணக்கு. 80:20 என்றால் 50 கிராம்தான். இரண்டின் விலையையும் ஒப்பிடும்போது இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

சந்தேகம் வந்தால் வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். கண்ணாடி டம்ளரில் குளிர்ந்த தண்ணீர் எடுத்து, தூளை மேலே தூவுங்கள். காபி மிதக்கும். சிக்கரி சில நொடிகளில் நிறத்தைக் கோடு கோடாக விட்டுக்கொண்டே அடியில் இறங்கும். அந்த ஆணையமே மக்களுக்குச் சொல்லித்தரும் சோதனை இது. பாக்கெட்டில் ஒன்றும் தண்ணீரில் வேறொன்றும் தெரிந்தால் கடையை மாற்றுங்கள்.

நான் சொல்லும் முதல் இடம் உங்கள் தெருவுக்குப் பக்கத்தில் இருக்கும் காபித்தூள் அரைக்கும் கடை. ஆற்காடு ரோட்டிலும் அதை ஒட்டிய தெருக்களிலும் வாசனையை வைத்தே கண்டுபிடித்துவிடலாம். அங்கே போய் "ஒரு கிலோ காபித்தூள்" என்று கேட்காதீர்கள். "பிளான்டேஷன் ஏ பாதி, பீபெரி பாதி, சிக்கரி இருபது, கண்ணெதிரே அரைத்துக் கொடுங்கள்" என்று கேளுங்கள். பிளான்டேஷன் என்றால் பழத்தின் சதையை நீக்கித் தண்ணீரில் கழுவிக் காயவைத்த அராபிகா கொட்டை. செர்ரி என்றால் பழத்தோடு அப்படியே காயவைத்தது. பீபெரி என்பது பழத்துக்குள் இரண்டு கொட்டைக்குப் பதில் ஒன்றே ஒன்று உருண்டையாக விளைந்தது. ரோபஸ்டா சேர்த்தால் விலை குறையும், கசப்பு கூடும். அராபிகாவைவிட அதில் காஃபின் ஏறக்குறைய இரண்டு மடங்கு. ராத்திரி தூக்கம் வராத பெரியவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

எப்போது வறுத்தது என்றும் கேளுங்கள். ஒரு வாரத்துக்குத் தேவையான 200 கிராம் போதும். அரைத்த தூளில் வாசனை நாளுக்கு நாள் பறந்துபோகும். மாதத்துக்கு ஒரு கிலோ வாங்கி வைப்பது வாசனையைக் காற்றுக்குக் கொடுப்பதுதான். இன்னொன்று: வாரம் ஒருமுறை நாம் போய் நின்றால்தான் அந்தக் கடையும் நிற்கும். ஆன்லைன் பாக்கெட்டுக்கு எல்லோரும் மாறிவிட்டால் இந்த அரவை இயந்திரங்கள் ஒவ்வொன்றாக ஓய்ந்துவிடும்.

பிராண்டு பெயர் வேண்டும் என்பவர்களுக்கு லியோ காபியை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. 'ரோஜா' படம் 1992-ல் வருவதற்கு முன், நம் பக்கத்துக் கோடம்பாக்கத்தில் விளம்பரங்களுக்கு இசையமைத்துக்கொண்டிருந்த ஏ.ஆர்.ரகுமான் அந்த விளம்பரத்துக்குப் போட்ட மெட்டு இங்கே பாதிப் பேருக்கு இன்னும் ஞாபகம் இருக்கும்.

இனி, போய் உட்கார்ந்து குடிக்கும் இடங்கள். சரவண பவன் 1981-ல் பக்கத்துக் கே.கே.நகரில் தொடங்கியது, வடபழனியிலேயே கிளை இருக்கிறது. கோயிலுக்குப் போய்விட்டு வரும் காலை வேளையில் டிகாக்‌ஷன் புதிதாக இருக்கும். மயிலாப்பூர் போனால் கிழக்கு மாட வீதியில் கற்பகாம்பாள் மெஸ், அருண்டேல் தெருவில் ராயர் கபே. ராயர் கபேவுக்குக் காலையிலேயே போய்விடுங்கள். திருவல்லிக்கேணியில் 1948-லிருந்து இருக்கும் ரத்னா கபேயில் சாம்பாரில் மிதக்கும் இட்லிக்குப் பிறகு ஒரு காபி குடிக்காமல் எழுந்தால் பாவம்.

எந்த ஓட்டலிலும் ஒரே சோதனைதான்: முதல் வாய் சர்க்கரை இல்லாமல் குடியுங்கள். கசப்புக்குப் பின்னால் ஒரு வாசனை நாக்கில் நின்றால் அது காபி. வெறும் கசப்பும் கருமையும் மட்டும் என்றால் சிக்கரியையும் பழைய டிகாக்‌ஷனையும் சர்க்கரை மூடி மறைத்துக்கொண்டிருக்கிறது.

இளைஞர்கள் சொல்லும் 'ஸ்பெஷாலிட்டி காபி' வேறு ரகம். பயிற்சி பெற்றவர்கள் ருசி பார்த்து 100-க்கு 80 அல்லது அதற்கு மேல் மதிப்பெண் கொடுத்த கொட்டைக்குத்தான் அந்தப் பெயர். எந்தத் தோட்டம், எப்படிப் பதப்படுத்தியது, எந்தத் தேதியில் வறுத்தது என்று பாக்கெட்டிலேயே இருக்கும். டெல்லியில் பிறந்த ப்ளூ டோகாயும் பெங்களூரில் பிறந்த தேர்டு வேவும் சென்னைக்கு வந்துவிட்டன. பால், சிக்கரி இல்லாமல் அங்கே ஒருமுறை குடித்துப் பாருங்கள்; பழப் புளிப்பு தெரியும். ஏற்காடு, கொடைக்கானல் கீழ்மலை, வால்பாறை, நீலகிரி என்று நம் மாநிலத்து மலைகளிலேயே காபி விளைகிறது. அந்தப் பெயர்கள் பாக்கெட்டில் இருக்கிறதா என்று தேடி வாங்குங்கள். கோபாலபுரம் பீட்டர்ஸ் ரோட்டில் ரைட்டர்ஸ் கபே இருக்கிறது. தீக்காயத்திலிருந்து மீண்ட பெண்களுக்கு வேலை கொடுத்து நடத்தும் இடம். அங்கே செலவழிக்கும் காசு சரியான கைக்குப் போகிறது.

டீக்கு வருகிறேன். டீக்கடைகளில் கொதிப்பது பெரும்பாலும் சி.டி.சி. ரகத்து டஸ்ட். இலையை நசுக்கி, கிழித்து, சுருட்டும் அந்த இயந்திரம் 1930-களில் அசாமில் வந்தது. சீக்கிரம் நிறம் இறங்கும், பாலைத் தாங்கும், ஒரு கிலோவில் நிறைய டம்ளர் வரும். இஞ்சி, ஏலக்காய் போட்ட பால் டீக்கு அதுவே பொருத்தம். சென்னையில் 2016-ல் கீழ்ப்பாக்கத்தில் தொடங்கிய சாய் கிங்ஸ் இப்போது பல இடங்களில் இருக்கிறது, வீட்டுக்கும் அனுப்புகிறார்கள். அண்ணா சாலை புகாரி ஓட்டல் 1951-லிருந்து இருக்கிறது. சாயங்காலம் சமோசாவும் டீயும் கேளுங்கள்.

இலையின் வாசனைக்காகக் குடிப்பவர்கள் 'ஆர்த்தோடாக்ஸ்' என்று போட்ட நீலகிரித் தேயிலையை வாங்குங்கள். பால் வேண்டாம். கொதிக்கும் தண்ணீரை ஊற்றி மூன்று நிமிடம் மூடி வைத்து வடிகட்டினால் போதும். கொரகுந்தா போன்ற உயரமான தோட்டங்களின் இலை, அதிலும் டிசம்பர், ஜனவரி உறைபனிக் காலத்தில் பறித்தது, வெளிநாடுகளில் தேடி வாங்கப்படுகிறது. நமக்கு ஊட்டி அரை நாள் பயணம். நாம் இன்னும் ருசி பார்க்கவில்லை.

குறைந்த விலையில் வேண்டுமா? ரேஷன் கடையில் 'ஊட்டி டீ' கேளுங்கள். நீலகிரியின் சிறு விவசாயிகள் உறுப்பினர்களாக உள்ள கூட்டுறவுத் தொழிற்சாலைகளின் இணையமான இன்கோசர்வின் தயாரிப்பு அது. பச்சைத் தேயிலைக்குக் கட்டுப்படியான விலை கேட்டு 2023-ல் அந்த விவசாயிகள் தொடர் உண்ணாவிரதம் இருந்தார்கள். 'டான்டீ' என்ற பெயரையும் கவனியுங்கள். 1964-ல் ஏற்பட்ட சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து அனுப்பப்பட்ட தமிழர்களுக்கு வேலை கொடுக்கத் தமிழக அரசு உருவாக்கிய தோட்டங்களின் தேயிலை அது.

வீட்டில் போடுபவர்களுக்கு இரண்டே குறிப்பு. ஒன்று பால். ஆவின் ஆரஞ்சு பாக்கெட்டில் கொழுப்பு 6 சதவீதம், நீலத்தில் 3. காபியின் கெட்டிக்குக் காரணம் பெரும்பாலும் பால்தான். இதய நோய் உள்ளவர்கள் நீலத்திலேயே இருங்கள். டிகாக்‌ஷனைக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளலாம். இரண்டு தண்ணீர். கொதித்து இறக்கி அரை நிமிடம் கழித்து ஃபில்டரில் ஊற்றுங்கள். தூளை லேசாக அழுத்தினால் போதும். இடித்து இறுக்கினால் ஒரு சொட்டும் இறங்காது. பிறகு ஃபில்டர் மேல் பழி போடுவோம்.

கடைசியாக ஒன்று. வரலாற்றாசிரியர் ஆ.இரா.வேங்கடாசலபதி 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' என்று ஒரு புத்தகமே எழுதியிருக்கிறார். காபி குடிப்பது நம் ஊரில் வெறும் ருசி விஷயமாக இருந்ததே இல்லை. யார் எங்கே உட்காரலாம் என்பதும் அதில் இருந்தது. 1957-ல் இதே சென்னையில், திருவல்லிக்கேணி முரளி கபேயின் பெயர்ப்பலகையில் இருந்த 'பிராமணாள்' என்ற சொல்லை நீக்கச் சொல்லிப் பெரியாரின் திராவிடர் கழகத்தினர் மாதக்கணக்கில் மறியல் செய்தார்கள். பலர் சிறைக்குப் போனார்கள். கிராமத்து டீக்கடைகளில் இரட்டைக் குவளைக்கு எதிரான போராட்டம் நம் காலத்திலும் நடந்தது. அதைப் பத்திரிகையில் படித்து நாம் எல்லோரும் வருத்தப்பட்டிருக்கிறோம்.

இப்போது நம் வாசலுக்கு வருவோம். ராத்திரி முழுக்க விழித்திருக்கும் செக்யூரிட்டி அண்ணனும், காலை ஆறரைக்குப் பெருக்க வரும் அக்காக்களும் டீ குடிப்பது எதில்? பெரும்பாலும் கடையிலிருந்து பாலிதீன் கவரில் வாங்கி வந்து பேப்பர் கப்பில். பிளாஸ்டிக் பூசிய கப்பை 2019 ஜனவரியிலேயே அரசு தடை செய்துவிட்டது. கொதிக்கிற டீயை அப்படிக் குடிப்பது உடம்புக்கும் நல்லதல்ல. பல அடுக்குமாடிகளில், வீட்டுக்குள் வேலை செய்பவர்களுக்கென்று ஒரு டம்ளர் ஜன்னல் ஓரத்தில் தனியாகக் கவிழ்ந்திருக்கும். யாரையும் குறிப்பிட்டுச் சொல்லவில்லை. ஏன் தனி என்று யோசிக்காமலே பழகிப்போன வழக்கம் அது. யோசித்துப் பார்த்தால் விட்டுவிடலாம்.

அதனால் இந்தக் கூட்டத்துக்கு ஒரு வேண்டுகோள். சங்க அலுவலகத்தில் ஒரே மாதிரி இரண்டு டஜன் எவர்சில்வர் டம்ளர் வாங்கி வைப்போம். ஊழியர்களுக்குக் காலையும் மாலையும் சங்கச் செலவில் டீ. கூட்டத்துக்கு வரும் நமக்கும் அதே ஃபிளாஸ்க், அதே டம்ளர். தேயிலை, பால் கணக்கைப் பொருளாளர் போட்டு அடுத்த கூட்டத்தில் வைக்கட்டும். செலவு அதிகம் என்று தோன்றினால் அப்போது பேசிக்கொள்வோம்.

ஃபிளாஸ்க் காத்திருக்கிறது. இன்று அதில் இருப்பது ரேஷன் கடை ஊட்டி டீதான், இஞ்சி தட்டிப் போட்டது. வாசலில் நிற்கும் அண்ணனுக்கு முதல் டம்ளரைக் கொடுத்துவிட்டு நாம் எடுத்துக்கொள்வோம்.