ஓய்வு பெற்ற பெரியவருக்கு வீட்டில் என்ன இடம்?

‘முதுமையில் ஓய்வு வரமா, சாபமா?’ என்பது இன்றைய தலைப்பு.

கோல சிலாங்கூர் வட்டாரத் தோட்டங்களில் ஒரு காலத்தில் திடலில் வெள்ளைத் திரை கட்டிப் படம் காட்டுவார்கள். பால் வெட்டிவிட்டு வந்த ஜனங்கள் பாய் விரித்து உட்கார்ந்து, சிவாஜி அழுதால் தாங்களும் அழுவார்கள்.

1970இல் வந்த ‘வியட்நாம் வீடு’ படத்தில் அவர் ஓய்வு பெறும் அதிகாரி. நாற்காலி போன மறுநாளே வீட்டில் மரியாதை குறைகிறது. துணை நிற்பவள் மனைவி ஒருத்திதான். அந்தக் கிழவராக நடித்தபோது சிவாஜிக்கு வயது 41!

அவருடைய சொந்த முதுமை எப்படி இருந்தது? சிறுவனாக நாடகக் கம்பெனியில் சேர, தன்னை அநாதை என்று சொல்லிக்கொண்டவர் அவர். பின்னாளில் ‘அன்னை இல்லம்’ என்ற பெரிய கூட்டுக் குடும்பத்தின் தலைவரானார். வரவு செலவையெல்லாம் தம்பி சண்முகம் கவனித்தார். அந்தத் தம்பி அண்ணனுக்கு முன்பே போய்விட்டார். தம்பியை இழந்த துக்கத்தோடும் குடும்பத்தைத் தாங்கினார், நடிப்பையும் விடவில்லை. 1992இல் ‘தேவர் மகன்’ படத்தில், ஊர்ப் பொறுப்பை மகனிடம் விட்டுச் செல்லும் தந்தையானார். 1999இல் ‘படையப்பா’ வந்தது. அந்த ஆண்டுக்குப் பிறகு அவர் ஓய்ந்தார். 2001 ஜூலை 21ஆம் நாள், 72ஆம் வயதில் காலமானார். கடைசிவரை அவரைச் சுற்றி மகன்களும் மகள்களும் பேரப்பிள்ளைகளும் இருந்தார்கள்.

படத்தில் வந்த பெரியவருக்கும் நடித்த பெரியவருக்கும் என்ன வேறுபாடு? ஒருவருக்குப் பதவி போனதும் வீட்டில் இடம் போயிற்று. மற்றவருக்குத் தொழில் நின்ற பிறகும் வீட்டில் இடம் இருந்தது.

இதைத் தோட்டத்துக்குக் கொண்டு வந்து பாருங்கள். நடிகருக்குச் சொந்த வீடு இருந்தது. பால்மரம் வெட்டியவருக்கோ லயத்து வீடு வேலையோடு ஒட்டியது. வேலை முடிந்தால் வீடும் முடிந்தது. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. பல இடங்களில் தோட்டமே விற்கப்பட்டுத் தாமான் எழுந்தது. 55 வயதில் கைக்கு வந்த சேமநிதிப் பணம் மகள் கல்யாணத்துக்கும் மகன் வீட்டு முன்பணத்துக்கும் கரைந்தது. கடைசியில் பெரியவர் மகன் வீட்டு வரவேற்பறை நாற்காலியில் விருந்தாளி போல உட்கார்ந்திருக்கிறார். மனைவியும் முந்திக்கொண்டு போய்விட்டால் பேச்சுத் துணைக்கு யார்?

2013ஆம் ஆண்டு முதல் தனியார் துறையிலும் குறைந்தபட்ச ஓய்வு வயது 60 ஆனது. சட்டம் வேலையை ஐந்து ஆண்டு நீட்டலாம். மரியாதையை நீட்ட முடியாது. அது பிள்ளைகள் கையில் இருக்கிறது.

பெரியவருக்குச் சோறு போடுவது மட்டும் கடமையாகாது. சேமநிதிப் பணத்தில் ஒரு பங்கை அவர் பெயரிலேயே விட்டுவையுங்கள். அவருக்கென்று ஓர் அறை, இல்லாவிட்டால் ஒரு மூலையாவது கொடுங்கள். வீட்டில் ஒரு முடிவு எடுக்கும்போது, “அப்பா, நீங்க என்ன சொல்றீங்க?” என்று கேளுங்கள். இவ்வளவும் கிடைக்கும் வீட்டில் ஓய்வு வரம்தான். கிடைக்காத வீட்டில் அதைச் சாபமாக்கியது வயது அல்ல, அந்த வீடுதான் என்று கூறி விடைபெறுவோம்.