நாற்பத்தாறு வருடச் சம்பளப் பாக்கி

(நம் சங்கத்தின் மூத்த உறுப்பினர்கள் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

நவம்பர் பிறந்தால் நம்மைப் போன்ற பென்ஷன்காரர்களுக்கு ஒரே வேலைதான், லைஃப் சர்டிபிகேட். உயிரோடு இருக்கிறோம் என்று நாமே போய் நிரூபிக்க வேண்டும். வங்கிக் கவுன்டரில் உட்கார்ந்து வருடக்கணக்காக அதை வாங்கிப் பதிவு செய்தவன் நான். போன வருடம் என் கைரேகையை மெஷின் ஏற்கவில்லை. நாலு முறை விரலைத் துடைத்துத் துடைத்து வைத்தேன். அப்போது ஞாபகம் வந்த ஒரு ராணுவ அதிகாரியின் கதையைத்தான் உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

அவர் பெயர் பால் ஃபான் லெட்டோ-ஃபோர்பெக். 1870-ல் பிறந்த ஜெர்மானியர். 1914 ஜனவரியில் ஜெர்மன் கிழக்கு ஆப்பிரிக்காவுக்குப் படைத்தலைவராக வந்தார். இன்றைய தான்சானியாவின் பெரும்பகுதியும் ருவாண்டாவும் புருண்டியும் சேர்ந்த இடம் அது. ஆகஸ்டில் முதல் உலகப் போர் மூண்டது. சண்டையே வேண்டாம் என்பது கவர்னர் ஷ்னேயின் எண்ணம். லெட்டோ கேட்கவில்லை. தன்னால் ஜெயிக்க முடியாது என்று அவருக்குத் தெரியும். ஆனால் எதிரிப் படையை ஆப்பிரிக்காவில் இழுத்துப் பிடித்து வைத்தால், அந்த ஆட்கள் ஐரோப்பாவில் ஜெர்மனிக்கு எதிராகப் போய் நிற்க முடியாது அல்லவா? அதுதான் அவர் போட்ட கணக்கு.

முதல் பெரிய சண்டை 1914 நவம்பரில், டாங்கா துறைமுகத்தில். இந்தியாவிலிருந்து கப்பலில் வந்த பிரிட்டிஷ் படை சுமார் 8,000 பேர். லெட்டோவிடம் இருந்தது சுமார் 1,000 பேர், பெரும்பாலும் 'அஸ்காரி' எனப்படும் ஆப்பிரிக்கச் சிப்பாய்கள். வந்த படையில் நம் பாளையங்கோட்டையின் பெயரைத் தாங்கிய 63-வது காலாட்படையும் இருந்தது. நெல்லைக்காரர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது, அவர்கள் சிதறி ஓடினார்கள். வெள்ளைக்கார அதிகாரிகள் இதை ஏளனமாக எழுதி வைத்தார்கள். ஆனால் இரண்டு வாரத்துக்கு மேல் கப்பலில் அடைபட்டு வந்தவர்களை, வேவு பார்க்காமலே புதருக்குள் அனுப்பியது யார்? ஜெனரல் எய்ட்கன். போதாததற்கு, பிரிட்டிஷ் போர்க்கப்பலின் கேப்டனே முன்கூட்டிப் போய், உடன்பாடு முடிந்தது என்று ஜெர்மானியருக்குச் சொல்லிவிட்டார். அந்த அவகாசத்தில் லெட்டோ ரயிலில் ஆட்களைக் கொண்டு வந்து இறக்கினார். நடுவில் காட்டுத் தேனீக்கள் வேறு கலைந்து இரு தரப்பையும் கொட்டின. பிரிட்டிஷ் படை துப்பாக்கிகளையும் லட்சக்கணக்கான தோட்டாக்களையும் போட்டுவிட்டுக் கப்பல் ஏறியது. லெட்டோவுக்கு எல்லாம் வரவு!

பிறகு நாலு வருடம் அவரைப் பிடிக்க முடியவில்லை. ஜெர்மனியிலிருந்து சப்ளை ஏறக்குறைய நின்றுபோனது. சின்கோனா பட்டையைக் காய்ச்சி மலேரியாவுக்குக் குடித்தார்கள். முடங்கிப்போன 'கூனிக்ஸ்பெர்க்' கப்பலின் பீரங்கிகளைக் கழற்றித் தரையில் இழுத்து வந்து சுட்டார்கள். 1918 நவம்பர் 11-ல் ஐரோப்பாவில் போர் முடிந்தது. அந்தச் செய்தி இவரை எட்டவே இரண்டு நாளுக்கு மேல் ஆயிற்று. நவம்பர் 25-ல், இன்றைய ஜாம்பியாவில் உள்ள அபர்கார்ன் என்ற ஊரில் ஆயுதங்களை ஒப்படைத்தார். ஊர் திரும்பியபோது பெர்லினில் வீரவரவேற்பு.

பல வருடம் எனக்கும் இவர் ஹீரோதான். ஆனால் லெட்ஜர் எழுதியவனுக்குப் பற்றுப் பக்கத்தைப் பார்க்காமல் இருக்க முடியாது. 1904-ல் ஹெரேரோ மக்களைக் கொன்றழித்த ஃபான் த்ரோதாவிடம் இவர் துணை அதிகாரியாக இருந்தவர். கிழக்கு ஆப்பிரிக்காவில் அவர் படை போன இடமெல்லாம் கிராமத்துத் தானியத்தை எடுத்துக்கொண்டது. அந்த பீரங்கிகளையும் மூட்டைகளையும் சுமந்தது யார்? ஊர் ஊராகப் பிடித்து வந்த சுமைதூக்கிகள். துரத்திய பிரிட்டிஷாரும் அதையேதான் செய்தார்கள். அவர்கள் தரப்பில் மட்டும் 90,000-க்கும் மேற்பட்ட சுமைதூக்கிகள் செத்ததாக மதிப்பிடுகிறார்கள். பெரும்பாலும் நோயும் பசியும்தான் காரணம். ஜெர்மன் தரப்பில் செத்தவர்களுக்குச் சரியான கணக்கே வைக்கவில்லை. தார் எஸ் சலாமில் இன்றும் 'காரியாகூ' என்று ஒரு பெரிய சந்தை இருக்கிறது. 'கேரியர் கோர்' என்ற சுமைதூக்கிப் படையின் பெயர் மருவி வந்தது அது.

இப்போது என் விரல் ரேகை விஷயத்துக்கு வருகிறேன். 1918-ல் சிப்பாய்களுக்குச் சம்பளம் கொடுக்க லெட்டோவிடம் பணம் இல்லை. சிலருக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார். 1964-ல் அவர் ஹாம்பர்க்கில் இறந்தார். அந்த ஆண்டு மேற்கு ஜெர்மன் நாடாளுமன்றம் அஸ்காரிகளின் பாக்கியைத் தீர்க்க முடிவு செய்தது. விக்டோரியா ஏரிக்கரையில் முவான்ஸா என்ற ஊரில் கவுன்டர் திறந்தார்கள். சுமார் 350 கிழவர்கள் வந்தார்களாம். சிலரிடம்தான் சீட்டு இருந்தது. சிலர் நைந்த சட்டைத் துணியைக் காட்டினார்கள். பணம் கொண்டுவந்த வங்கிக்காரருக்கு ஒரு யோசனை. ஒவ்வொருவர் கையிலும் ஒரு துடைப்பத்தைக் கொடுத்து, ஜெர்மன் மொழியில் கவாத்து உத்தரவு போட்டார். ஒருவர்கூடத் தவறவில்லை என்று சொல்கிறார்கள்.

என் தொழில்காரர் ஒருவர் செய்த காரியம் என்பதால் எனக்கு இது ரொம்பப் பிடிக்கும். ஆனால் அந்த வரிசையில் நிற்கச் சுமைதூக்கிகளை யாரும் கூப்பிடவில்லை.

இன்னும் லைஃப் சர்டிபிகேட் கொடுக்காதவர்கள் ஞாயிறு காலை பத்து மணிக்குச் சங்க அறைக்கு வாருங்கள். கைரேகை விழாவிட்டால் போனில் முகத்தைக் காட்டியே பதிவு செய்யலாம், நான் செய்து தருகிறேன். ஆதார் அட்டையும் பென்ஷன் புத்தகமும் மறக்க வேண்டாம்.