மரைக்காயர், மெரிக்கன்: ஒரே பெயர்



பள்ளியில் என் பெயரிலுள்ள ‘மெரிக்கன்’ என்பதைப் பார்த்து, “நீ அமெரிக்கனா?” என்று கேலி செய்வார்கள். அதனால் மூத்த மகனின் பிறப்புப் பத்திரத்தில் அதை விட்டுவிட்டேன். வாப்பா முகம் வாடிவிட்டது.

“மரக்கலம் ஓட்டிய மரைக்காயர் வம்சம்டா நாம. காயல்பட்டினம், கீழக்கரை, நாகூர் என்று கரையெல்லாம் நம்ம ஆளுக. இலங்கையில் மரிக்கார், மலையாளக் கரையில் மரக்கார், பினாங்கில் மெரிக்கன். 1801-இல் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலை எழுப்பிய காதர் முகைதீனும் மெரிக்கன்தான்” என்றார்கள்.

அடுத்துப் பிறந்த மகளின் பெயரில் மெரிக்கன் இருக்கிறது. “எனக்கு மட்டும் ஏன் இல்லை?” என்று மகன் கேட்கிறான். பதில் சொல்ல முடியவில்லை. பெயர் பதியப் போகும் இளம் பெற்றோர்களே, எனக்கு நேர்ந்தது உங்களுக்கு வேண்டாம். போகுமுன் வீட்டுப் பெரியவர்களை ஒரு வார்த்தை கேளுங்கள்.