குண்டும் அதன் நடு அச்சும்

இன்று தேயிலை மணக்கும் நுவரெலியாவில், மலைநாடு கோப்பி விளைத்த காலத்தில், 1855 வரை குடியிருந்தவர் சாமுவேல் பேக்கர். யானைகளைக் கொன்று குவித்த அவருடைய வேட்டையை நாம் பாராட்டுவதற்கில்லை. ஆயினும் அவர் துப்பாக்கி கற்பிக்கும் நுட்பம் ஒன்றுண்டு. பிரிஸ்டல் நகரத்துக் கிப்ஸ் செய்த அதன் எடை 21 இறாத்தல். குழலினுள் இரண்டே வரிப்பள்ளங்கள். 3 அவுன்ஸ் உருண்டைக் குண்டைச் சுற்றி ஒரு பட்டி. அப்பட்டி பள்ளங்களிற் பொருந்தினாலன்றிக் குண்டு உள்ளே இறங்காது. குண்டு செவ்வையாக அமர்ந்ததை அதனை இட்ட கையே உணர்ந்தது.

பின்னர்ப் பித்தளை உறையுள்ள தோட்டா வந்தது. குண்டின் அச்சு உறையின் அச்சினின்று சிறிது விலகினும் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. சுட்டபின் குறிதான் சிதறும். ஆதலால், தம் கையாலேயே தோட்டா நிரப்புவோர் அதனை இரு தாங்கிகள்மீது கிடத்தி, முள் அசைந்து காட்டும் அளவுகருவியொன்றைக் குண்டின்மேல் தொடவைத்து, மெல்ல உருட்டுவர். முள் அங்குலத்தில் ஆயிரத்தில் 4 பங்கு அசைந்தால், உண்மை விலகல் 2 பங்கே. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொண்டு மயங்குவோர் உண்டு.

குறை பெரும்பாலும் உறையின் கழுத்தில் இருக்கும். அதன் சுவர் ஒருபுறம் தடித்திருந்தால் குண்டு மறுபுறம் ஒதுங்கும். குண்டைப் பாதி அழுத்தி, உறையைத் திருப்பி, மீதியை அழுத்துவோரும் உளர். கழுத்தே கோணலாயின் அதனாற் பயன் சிறிது. கழுத்துச் சுவரைச் சுற்றிலும் அளந்து, ஒவ்வாத உறைகளை முதலிலேயே ஒதுக்கிவிடுவது நன்று.