சாவிக்கும் செல்ஃபுக்கும் நடுவே

தாம்பரத்தில், முடிச்சூர் சாலையில் ஆட்டோ எலெக்ட்ரிக்கல் பட்டறை வைத்திருக்கிறேன். கார், வேன், தண்ணீர் லாரி என்று எது வந்தாலும் பார்ப்போம். ஆனால் படப்பை, மணிமங்கலம் பக்கமிருந்து பழைய மேஸி டிராக்டர் வந்து நின்றால், கையில் இருக்கிற வேலையைப் பையனிடம் கொடுத்துவிட்டு எழுந்து போய்விடுவேன். அந்த டிராக்டரில் ஸ்டார்ட்டர் சுவிட்ச் மாற்றுவதைப் பற்றித்தான் இன்று பேச்சு. வீட்டில் டிராக்டர் இல்லையே என்று வானொலியை அணைத்துவிடாதீர்கள். டிராக்டர் ஓடுகிற தெருவில்தானே நாம் எல்லோரும் நடக்கிறோம்!

மேஸி என்றால் வெளிநாட்டுப் பெயர். ஆனால் வண்டி நம்ம ஊர்க்காரன். மேஸி பெர்குசன் கூட்டோடு 1960-ல் சென்னையில் தொடங்கியது டாஃபே டிராக்டர் கம்பெனி. செம்பியத்தில் வண்டி, அதே செம்பியத்து சிம்சன் கொடுத்தது இஞ்சின். செல்ஃப் மோட்டார், டைனமோ போன்ற சாமான்களுக்கு 1961-ல் பாடியில் வந்தது லூகாஸ் டி.வி.எஸ். ஊர் விட்டு ஊர் போகாமலே ஒரு டிராக்டர் பிறந்துவிட்டது என்று சொல்லலாம்.

தாம்பரத்துக்காரர்களுக்கு இன்னொரு உறவும் உண்டு. மேஸிக்கு மூத்தவன் பெர்குசன் டி.இ. 20. ஹாரி பெர்குசனுக்காக 1946 முதல் 1956 வரை, இங்கிலாந்தின் கவன்ட்ரி நகரில், ஐந்து லட்சத்துக்கும் மேல் அதைச் செய்து தள்ளியது ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி. பெருங்களத்தூர்ப் பெரியவர்கள் இப்போதே நிமிர்ந்து உட்கார்ந்திருப்பீர்கள். ஆமாம், அதே ஸ்டாண்டர்டுதான்! நம் வண்டலூர்ப் பக்கத்துத் தொழிற்சாலையில் ஹெரால்டு கார் செய்துவந்த கம்பெனிக்கு அதுதான் தாய் வீடு. எவரெஸ்ட் ஏறிய ஹிலாரி 1958 ஜனவரியில் தென் துருவம் போய்ச் சேர்ந்ததும் இந்தப் பெர்குசன் டிராக்டரில்தான்.

அந்தப் பெர்குசனில் எனக்கு மிகப் பிடித்த இடம் அதன் கியர் ராடு. செல்ஃப் எடுக்க அதில் தனிப் பித்தான் கிடையாது. கியர் ராடை நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, அங்கிருந்து ‘எஸ்’ என்று குறித்த இடத்துக்குத் தள்ள வேண்டும். ராடே அடியில் இருக்கும் சுவிட்சை அழுத்தும், செல்ஃப் சுற்றும். கியரில் நின்றால் ராடு அங்கே போகவே போகாது. ஓட்டுகிறவர் மறந்தாலும் வண்டி மறக்காது. என்ன யோசனை பாருங்கள்! பின்னால் வந்த மேஸியில் சாவி வந்தது. ஆனாலும் யோசனை மாறவில்லை. ஹை-லோ ராடு நடுவில் நின்றால்தான் கியர் பாக்ஸ் மூடியில் இருக்கும் ஒரு சின்ன சுவிட்ச் அழுந்தி, சாவியின் கரண்ட்டை செல்ஃபுக்கு விடும். ஆக, சுவிட்ச் ஒன்றல்ல, இரண்டு. டாஷில் ஒன்று, காலடியில் ஒன்று.

தொல்லை இங்கேதான். காலடியில் இருப்பதை யாரும் கண்டுகொள்வதில்லை. 2015 வெள்ளத்தில் வரதராஜபுரத்திலும் முடிச்சூரிலும் தண்ணீர் நின்ற பிறகு எங்கள் பட்டறைக்கு வந்த வண்டிகளில் பாதிக்கு இந்தச் சின்ன சுவிட்ச்தான் பச்சை பிடித்துச் செத்திருந்தது. சாவியை மாற்றிப் பார்ப்பார்கள், எடுக்காது. உடனே “டைரக்ட் போட்டுடுங்கண்ணே” என்பார்கள், அதாவது சின்ன சுவிட்சை விட்டுவிட்டு வயரை நேராக இணைத்துவிடச் சொல்வார்கள். அதைவிட மோசம், ஸ்குரு டிரைவரை செல்ஃப் டெர்மினலில் வைத்துத் தட்டுவது.

மணிமங்கலத்தில் ஒரு பெரியவரின் வண்டியைப் பார்க்கப் போனேன். செல்ஃப் டெர்மினல் இரண்டும் வெல்டிங் வைத்தது மாதிரி கருகி, மேடும் பள்ளமுமாக இருந்தன. டிரைவர் தம்பி தினமும் ஸ்குரு டிரைவர் வைத்துத்தான் எடுக்கிறான். அவன் நிற்கும் இடத்தைக் கவனியுங்கள்: தரையில், முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவில். வண்டி கியரில் இருந்தால் பின் சக்கரம் நேராக அவன் மேல்தான் வரும். பழைய டீசல் இஞ்சின், சாவியைத் திருகினால் நிற்காது. ஸ்டாப் நாபை இழுக்க வேண்டும். நாப் மேலே, தம்பி கீழே. இப்படி உயிர் போன டிராக்டர்க்காரர்கள் உலகம் முழுக்க உண்டு. பெரியவரிடம் சொன்னேன்: “ஐயா, இது ரிப்பேர் இல்லை, ஆபத்து.” அன்றே சுவிட்ச் வாங்கிவரச் சொன்னார்.

மாற்றுவது பெரிய வித்தை இல்லை. முதலில் பேட்டரி டெர்மினலைச் சுத்தம் செய்யுங்கள். பல வண்டிகளுக்கு நோய் அங்கேயே தீர்ந்துவிடும். அடுத்து, ஹை-லோ ராடை நடுவில் வைத்து ஒருவர் சாவியைத் திருகிப் பிடிக்க, செல்ஃபை இயக்கும் சாலினாய்டின் சின்ன டெர்மினலில் டெஸ்ட் லைட் வையுங்கள். எரிந்தால் சுவிட்ச் நல்லது, செல்ஃபைப் பாருங்கள். எரியாவிட்டால் கியர் பாக்ஸ் சுவிட்ச், பிறகு சாவி என்று பின்னோக்கி வாருங்கள். கெட்ட சுவிட்சைக் கழற்றும் முன் பேட்டரி எர்த்தை எடுத்துவிட வேண்டும். மிகப் பழைய வண்டியில் பிளஸ்தான் எர்த்தாக இருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள். எந்த வயர் எங்கே என்று செல்போனில் ஒரு படம் பிடியுங்கள். பழைய சுவிட்சின் அடியில் வாஷர் இருந்தால் தூக்கிப் போடாதீர்கள். சுவிட்ச் எவ்வளவு ஆழம் இறங்க வேண்டும் என்பது அதில் இருக்கிறது.

நேரம் முடியப்போகிறது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். கடைசிச் சோதனையை மட்டும் சொல்லிவிடுகிறேன். வேலை முடிந்ததும் வண்டிக்கு முன்னும் பின்னும் ஆள் இல்லை என்று பார்த்து, சீட்டில் உட்கார்ந்து, ஹை-லோ ராடை லோவில் போட்டு, கிளட்சை மிதித்து, ஸ்டாப் நாபை இழுத்தபடி சாவியைத் திருகுங்கள். செல்ஃப் சுற்றக் கூடாது. சுற்றினால் வேலை முடியவில்லை என்று அர்த்தம். உங்கள் வீட்டிலோ வயலிலோ டைரக்ட் போட்ட டிராக்டர் இருந்தால், அடுத்த உழவுக்கு முன் அந்தச் சின்ன சுவிட்சை மாற்றிவிடுங்கள்.